ஓசூர் குளிர்ல பைக்கை எவ்வளவு நேரம் சூடாக்கணும்?

மார்கழி விடியலில் சிப்காட் ஷிஃப்டுக்குக் கிளம்புறீங்களா? சுமார் 900 மீட்டர் உயரத்துல இருக்கிற ஊர் ஓசூர். ராத்திரி முழுக்க நின்ன பைக்கில் ஆயில் கெட்டியாகிக் கீழே இறங்கியிருக்கும். ஸ்டார்ட் ஆனதும் முறுக்கினா, ஆயில் ஏறுறதுக்குள்ள பிஸ்டனும் சிலிண்டரும் தேயும்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 பைக்குகள் பெரும்பாலும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன். சென்சாரே குளிரைப் பார்த்து பெட்ரோலைக் கூட்டிக்கும். அரை நிமிஷம் போதும். அப்பாவோட கார்புரேட்டர் வண்டியா? சோக் போட்டு ஒண்ணு ரெண்டு நிமிஷம். சத்தம் சீரானதும் சோக்கை எடுத்துடுங்க, இல்லேன்னா பிளக் கரி பிடிக்கும். பத்து நிமிஷம் உறுமவிடுறது பக்கத்து வீட்டுத் தூக்கத்தைக் கெடுக்கத்தான் உதவும். முதல் 2 கிலோமீட்டர் நிதானமா ஓட்டினாலே இன்ஜின் சூடாகிடும்.

திருட்டு பயத்துல வண்டியை வீட்டுக்குள்ள நிறுத்துறீங்களா? வெளியே தள்ளிட்டு வந்தே ஸ்டார்ட் பண்ணுங்க. புகையில் இருக்கிற கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது. உள்ளே தூங்குறவங்க எழுந்திருக்காமலே போயிடலாம்.