ஜீவனாம்சம்

ஜீவனம், அம்சம் என்னும் இரு வடசொற்கள் புணர்ந்தது ஜீவனாம்சம். பிழைப்புக்கான பங்கு என்பது நேர்ப்பொருள். மூத்த மகனுக்கே உரிமை செல்லும் ஜமீன்களில் இளையவர்களின் பிழைப்புக்குக் கொடுத்த நிலமும் படியும் இப்பெயரால் வழங்கின. இன்று, கைவிடப்பட்ட மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் நீதிமன்றம் கட்டச் சொல்லும் மாதத் தொகையையே சொல் குறிக்கிறது. சட்டத் தமிழில் பராமரிப்புத் தொகை என்றாலும், கோர்ட்டு வாசலில் கேட்பது பழைய சொல்தான்.

குடும்ப விவகாரமாக இருந்தும் இது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இடம்பெற்றிருப்பது பலரைக் குழப்புகிறது. பழைய சட்டத்தின் 125ஆம் பிரிவு 2024 ஜூலை 1 முதல், அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவாயிற்று. மனுப் போட்டதால் கணவன் குற்றவாளி ஆகிவிடுவதில்லை. ஆதரவற்றோருக்கு விரைவாகப் பணம் கிடைக்கவே இந்த வழி. மதம் எதுவானாலும் இது பொருந்தும். விவாகரத்துக்குப் பின் மறுமணம் செய்யாதவரும், தம்மைத் தாமே பேண முடியாத பெற்றோரும் கேட்கலாம்.

மனைவி வசிக்கும் ஊரிலேயே மனுச் செய்யலாம் என்பது பெரிய வசதி. சென்னையில் வாழ்க்கைப்பட்டுக் குற்றாலத்துப் பிறந்த வீட்டுக்குத் திரும்பியவர் தென்காசி நீதிமன்றத்தை நாடினால் போதும். வழக்கு முடியும்வரை இடைக்காலத் தொகையும் கேட்கலாம். 2001 வரை உச்சவரம்பு மாதம் 500 ரூபாய். அத்தொகையை வைத்துக் குடும்பம் நடத்தச் சொன்னது சட்டம்! இப்போது வரம்பில்லை. கட்டத் தவறும் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம்வரை சிறை உண்டு.