துருவும் காப்பும்: ஏலமலைச் சாரலிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

போடிநாயக்கனூர் மழை மறைவுப் பகுதியில் அமைந்த ஊர். அங்கிருந்து கொண்டையூசி வளைவுகளைக் கடந்து, சுமார் 1,400 மீட்டர் உயரத்திலுள்ள போடிமெட்டை அடைந்தால் காற்றே மாறிவிடுகிறது. தென்மேற்குப் பருவத்தில் மலையின் மேற்புறம் மாதக்கணக்கில் நனைந்தே கிடக்கிறது. ஏலச்செடி வளர்வதற்கு உகந்த இந்த நிழலும் ஈரமும் இரும்புக்குப் பெரும்பகை. அரிவாள், பூட்டு, காவல் துப்பாக்கி என எதுவும் அங்குத் துருவுக்குத் தப்புவதில்லை.

போடிப் பாளையம் திண்டுக்கல் சீமையைச் சேர்ந்தது. 1755இல் திண்டுக்கல்லின் ஃபவ்ஜ்தாராகப் பொறுப்பேற்ற ஹைதர் அலீ, பிரெஞ்சு வல்லுநர்களின் துணையோடு அங்கு ஓர் ஆயுதச்சாலையை நிறுவினார். பின்னாளில் மைசூர் அரசின் படைவலிமைக்கு அடிகோலிய முயற்சிகளுள் அதுவும் ஒன்று. 1792ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திண்டுக்கல் கம்பெனியின் கைக்குச் சென்றது. தென்பாளையங்களில் ஆயுதம் தாங்குவதைத் தடைசெய்யும் அறிவிப்பு 1801இல் வந்தது. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் உரிம முறையாக்கியது. இவ்வாறு ஆயுதம் மக்கள் வாழ்விலிருந்து விலக்கப்பட்டபோது, அதைப் பேணும் அறிவும் மெல்ல மறைந்தது.

அந்த அறிவு நம் பண்பாட்டுக்கு அந்நியமானதன்று. அரபு மொழியில் சிறந்த வாளுக்கு வழங்கும் 'முஹன்னத்' என்னும் பெயரே ஹிந்த் நாட்டின் எஃகை நினைவூட்டுவது. கி.பி. 9ஆம் நூற்றாண்டில் மெய்யியலறிஞர் அல்கிந்தி, அப்பாஸிய கலீஃபா அல்முஃதஸிமுக்காக எழுதிய வாள்கள் பற்றிய நூலில் சரந்தீப் எஃகையும் வகைப்படுத்துகிறார். இலங்கையின் சமனலவெவப் பகுதியில் 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரை இயங்கிய உலைகளை அகழாய்வு வெளிப்படுத்தியிருக்கிறது. அவை பருவக்காற்றின் விசையாலேயே எரிந்தவை. ஓரிடத்தில் எஃகை ஆக்கிய அதே காற்று, ஏலமலையில் மழையைச் சுமந்து வந்து எஃகை அரிக்கிறது என்பது எண்ணத்தக்கது.

துரு என்பது யாது? இரும்பு, நீர், உயிர்வளி ஆகிய மூன்றும் கூடும்போது நிகழும் மின்வேதி மாற்றமே அது. வியர்வையிலுள்ள உப்பு அதை விரைவுபடுத்தும். செந்துரு நுண்துளைகள் கொண்டது. ஈரத்தைத் தன்னுள் தேக்கி, அடியிலுள்ள இரும்பையும் தின்னவிடும். ஆனால் இரும்பின் மற்றோர் ஆக்சைடான கருந்துரு அடர்த்தியாகப் படிவது. இவ்வேறுபாட்டை உணர்ந்த துப்பாக்கிக் கொல்லர்கள், துருவையே துருவுக்குக் காவலாக்கினர். குழலின் மீது வேதிநீரைப் பூசி வேண்டுமென்றே துருப்பிடிக்கச் செய்து, பின்னர் கொதிநீரில் இட்டால் செந்துரு கருந்துருவாகிறது. உதிரும் பகுதியைத் தேய்த்து நீக்கி, பலமுறை இதைத் திரும்பச் செய்வர். கருநீலமாக மின்னும் பழைய குழல்களின் அழகு இப்பொறுமையின் விளைவே.

துப்பாக்கியின் பின்புறத்தைத் தாழ்ப்பாள் போல அடைக்கும் 'போல்ட்' என்னும் உறுப்பில் சிக்கல் இன்னும் கூடுதல். அது சறுக்கி இயங்குவதால் தடித்த வண்ணம் பூச இயலாது, இயக்கம் தடைப்படும். பழைய துப்பாக்கிகள் பலவற்றில் அது மெருகிட்ட வெள்ளை இரும்பாகவே விடப்பட்டு, எண்ணெயால் மட்டும் காக்கப்பட்டது. அக்காலத் தோட்டாக்களின் எரியூட்டியில் இருந்த பொட்டாசியம் குளோரேட், வெடித்தபின் பொட்டாசியம் குளோரைடாக எஞ்சியது. ஈரத்தை ஈர்க்கும் இவ்வுப்பு எண்ணெயில் கரையாது, நீரில்தான் கரையும். ஆகவேதான் குழலைக் கொதிநீரால் கழுவி, உலர்த்தி, அதன் பின்னரே எண்ணெய் இடும்படி வீரர்கள் பயிற்றப்பட்டனர். கழுவாமல் எண்ணெய் மட்டும் இட்டவரின் துப்பாக்கி, மலையீரத்தில் சில நாள்களிலேயே குழிவிழுந்து போகும்.

1906இல் இங்கிலாந்தின் காஸ்லெட், பாஸ்பாரிக் அமிலக் கரைசலில் இரும்பை இட்டுச் சாம்பல்நிறப் படலம் உண்டாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1915இல் அமெரிக்காவில் தோன்றிய பார்க்கர் நிறுவனம் அம்முறையைத் தொழிலாக வளர்த்தது. இப்படலத்தின் சிறப்பு அதன் நுண்துளைகளில் உள்ளது. அவை எண்ணெயை உறிஞ்சித் தேக்கிக்கொள்கின்றன. செந்துருவைக் கேடாக்கும் அதே இயல்பு இங்கே பயனாகிறது.

விடுதலைக்குப்பின் இவ்வறிவு நம் மண்ணிலும் வேரூன்றியது. அழகப்பச் செட்டியார் வழங்கிய 300 ஏக்கர் நிலத்திலும் 15 இலட்ச ரூபாயிலும் 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம், உலோக அரிமானத்தைத் தன் முதன்மை ஆய்வுகளுள் ஒன்றாகக் கொண்டது. 1966இல் திருச்சிராப்பள்ளியில் படைக்கலத் தொழிற்சாலை தொடங்கியது.

இவற்றை நாம் இங்கு நினைவுகூரக் காரணம் உண்டு. தர்காக்களிலும் பழைய அரண்மனைகளிலும் குடும்பப் பேழைகளிலும் வாள்களும் குழல்களும் இன்றும் இருக்கின்றன. அவற்றைத் தூய்மை செய்வதாக எண்ணிச் செங்கற்பொடியாலும் புளியாலும் பளபளக்கத் தேய்ப்போர் உண்டு. அத்தேய்ப்பில் துரு மட்டும் போவதில்லை. கொல்லன் இட்ட கருநீலக் காப்பும், பொறித்த பெயரும், ஹிஜ்ரி ஆண்டும் சேர்ந்தே போகின்றன. துரு நூறாண்டில் செய்யும் அழிவை அன்பு ஒரு பிற்பகலில் செய்துவிடுகிறது.

செய்யத்தக்கது எளிது. உதிரும் துருவை மட்டும் மென்மையாக நீக்கி, உலர்ந்த இடத்தில் வைத்து, வெறுங்கையால் தொடாமல் பேணவேண்டும். கடுக்காயில் உள்ளதைப் போன்ற துவர்ப்புப் பொருளான டானிக் அமிலம், எஞ்சிய துருவைக் கரிய நிலையான சேர்மமாக மாற்றும். அதன்மேல் மெழுகுக் காப்பு இடுவது அருங்காட்சியக வல்லுநர் கையாளும் முறை. வெடிக்கும் ஆயுதமாயின் உரிமச் சட்டத்தையும், நூறாண்டு கடந்ததாயின் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தையும் கருதி, உரியோரை அணுகுவதே முறை.

முன்னோர் விட்டுச்சென்ற பொருள் நம் கையில் ஓர் அமானிதம். அது புதிதாக மின்னவேண்டும் என்பதில்லை. அதன்மேல் எழுதப்பட்டிருப்பதை நம் பேரர்களும் படிக்க இயலவேண்டும்.