தவறு தேடாத இழப்பீடும் காரணம் தேடும் கடமையும்

குழந்தை பிறந்ததும் அழவில்லை. மூளைக்குப் பிராணவாயு போதவில்லை. இப்படித் தொடங்கும் மூளை முடக்குவாத வழக்குகளில் மருத்துவரின் கவனக்குறைவை நிரூபிக்கும் சுமை பெற்றோர் தலையில் விழுகிறது. வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும். பிள்ளைக்கோ சிகிச்சையும் கருவிகளும் இன்றைக்கே வேண்டும். இதற்கு மாற்றாக ஜப்பான் 2009 ஜனவரியில் தவறு சாராத இழப்பீட்டுத் திட்டத்தைக் கொண்டுவந்தது. மொத்தம் 3 கோடி யென்: முதலில் 60 லட்சம், பிறகு ஆண்டுக்கு 12 லட்சமாக 20 ஆண்டுகள்.

பணத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இத்திட்டத்தின் காரணப் பகுப்பாய்வு. கருவின் இதயத்துடிப்பு வரைபடம், வலியைத் தூண்டும் மருந்து ஏறிய அளவும் நேரமும், தாயும் தந்தையும் சொல்லும் நினைவுகள் ஆகிய யாவற்றையும் நிபுணர் குழு படித்து ஓர் அறிக்கை எழுதுகிறது. அது பெற்றோருக்கும் மருத்துவமனைக்கும் போகிறது. யார் குற்றவாளி என்று அது தீர்ப்புச் சொல்வதில்லை. பெற்றோர் வழக்குத் தொடுக்கவும் தடையில்லை. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 1988இல் இயற்றப்பட்ட இத்தகைய சட்டமோ, தன் வரம்புக்குள் வரும் பெற்றோரின் வழக்குரிமையைப் பெரும்பாலும் பறித்துவிடுகிறது. ஜப்பானின் வழியே நேர்மையானது என்பேன்.

ஆனாலும் அங்கும் ஓர் எல்லைக்கோடு குடும்பங்களை வதைத்தது. கருவுற்று 28 வாரம் கடந்தும் இழப்பீட்டுக்கான பொது வரம்பை எட்டாமல் பிறந்த குழந்தைகளுக்குத் தனி ஆய்வு வைத்தார்கள். பிரசவ நேரத்தில் பிராணவாயுக் குறைவு இருந்ததற்குச் சான்று கேட்டார்கள்: தொப்புள்கொடித் தமனி இரத்தத்தின் அமிலக்காரக் குறியீடு 7.1க்குக் கீழே இருக்க வேண்டும், அல்லது வரைபடத்தில் குறித்த மாற்றங்கள் தெரிய வேண்டும். அந்த இரத்தத்தை எடுப்பதும் வரைபடத்தைக் காப்பதும் மருத்துவமனையின் வேலை. அங்கே விட்டுப்போனதற்குப் பிள்ளை விலை கொடுக்க நேரிடும். வாசலில் விரட்டிய நிரூபணச் சுமை கொல்லைப்புறமாக உள்ளே வந்துவிட்டது. தனி ஆய்வுக்குப் போனவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் தகுதியில்லை என்று திருப்பப்பட்டனர். 2022 முதல் பிறந்தவர்களுக்கு இந்த ஆய்வே கைவிடப்பட்டது. முன்பு திருப்பப்பட்டவர்களுக்கு 2025இல் தொடங்கிய சிறப்பு உதவி 1.2 கோடி யென். முழுத்தொகையில் ஐந்தில் இரண்டு பங்குதான். ஒரே குறைபாடுள்ள இரு பிள்ளைகளில் 2021 டிசம்பரில் பிறந்தது எந்த வகையில் குறைந்தது?

பிறவிக் காரணங்களால் வந்த முடக்குவாதம் இன்றும் திட்டத்துக்கு வெளியே நிற்கிறது. ஆறு மாதம் நிறைவதற்குள் இறந்த குழந்தையும் அப்படியே. நிதிக்கு வரம்பு தேவை என்ற வாதத்தை ஏற்கிறேன். ஆனால் பகுப்பாய்வு இழப்பீடு பெற்றவர்களுக்கு மட்டும் என்றிருப்பதால், பணம் மறுக்கப்படும் குடும்பத்துக்கு விளக்கமும் சேர்த்தே மறுக்கப்படுகிறது. இவ்விரண்டையும் பிரித்தாக வேண்டும். ஐந்தாம் மாதத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு, அன்று பிரசவ அறையில் நடந்ததை வரிவரியாக எடுத்துச் சொல்லும் அறிக்கையாவது கிடைக்க வேண்டும்.