பொம்பரிப்புத் தாழிகளும் இலங்கையின் ஆதிக் குடிகளும்

இலங்கையின் வரலாறு விஜயனின் வருகையோடு தொடங்குகின்றது என்னும் கருத்து நெடுங்காலமாகப் பாடநூல்களிலும் பொதுமக்கள் மனத்திலும் வேரூன்றி வந்துள்ளது. கி. பி. 5ஆம் நூற்றாண்டளவில் எழுந்த மகாவம்சம், வட இந்தியாவிலிருந்து எழுநூறு தோழருடன் வந்திறங்கிய இளவரசனொருவனை இந்நாட்டின் முதல் மன்னனாகக் காட்டுகின்றது. மரபுவழிக் கணக்கின்படி அவ்வருகை நிகழ்ந்த ஆண்டு கி. மு. 543 ஆகும். அதற்கு முன் இங்கிருந்தோரை இயக்கர், நாகர் எனப் பெயரிட்டு, அவர்களை மானிடர்க்குப் புறம்பானோராகவே அந்நூல் சித்திரிக்கின்றது. இக்கதையைச் சோதித்துப் பார்ப்பதற்கு வேண்டிய சான்றுகள் ஏடுகளிற் கிடைத்தில, ஈமக்காடுகளிலேயே கிடைத்துள்ளன. அச்சான்றுகள் எவை, அவற்றைக் கொண்டு எதனை முடிவு செய்யலாம், எதனை முடிவு செய்தலாகாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இறந்தோரின் எச்சங்களைப் பெருங்கற்களால் அமைந்த சின்னங்களின் கீழ் அடக்கம் செய்யும் வழக்கம் தென்னிந்தியாவிற் பரந்து காணப்பட்டது. கற்பலகைகளை நிறுத்தி மேலே மூடுகல் இட்ட கல்திட்டை, நிலத்துள் அமைந்த கல்லறை, அவற்றைச் சூழ்ந்த கல்வட்டம், கேரளத்துக் குடைக்கல், பெரிய மட்தாழி என இவை பலவகைப்படும். 1819இல் மலபாரில் பாபிங்டன் என்பார் சிலவற்றைத் திறந்து பார்த்ததிலிருந்து இத்துறை ஆய்வு தொடங்கிற்று எனலாம். 1947இல் கருநாடகத்துப் பிரமகிரியில் மோர்ட்டிமர் வீலர் நிகழ்த்திய அகழ்வாய்வு அதற்கு முறையான அடித்தளமிட்டது. இவ்வீமச்சின்னங்களோடு இரும்புக் கருவிகளும் கறுப்புச் சிவப்பு மட்பாண்டங்களும் இடையறாது காணப்படுகின்றன. பாண்டத்தைக் கவிழ்த்துச் சுடுங்கால் உட்புறமும் விளிம்பும் காற்றுப்படாமையாற் கறுக்க, வெளிப்புறம் காற்றுப்பட்டுச் சிவக்கும். இத்தொழில்நுட்பமே இப்பண்பாட்டை இனங்காண உதவும் முதன்மை அடையாளமாகும். ஆகவே, கல்லே இல்லாத தாழிக்காடும் 'பெருங்கற்காலப் பண்பாடு' என்னும் பெயருள் அடங்குகின்றது. பெயர் சற்றுப் பொருத்தமற்றதாயினும், ஆய்வுலகில் அது நிலைபெற்றுவிட்டது.

இவ்வழக்கத்தின் நினைவு பழந்தமிழ் இலக்கியத்திலும் பதிந்துள்ளது. சோழ மன்னனொருவன் இறந்தபோது அவனுக்கேற்ற தாழியை வனைய முடியுமோ எனக் குயவனை நோக்கி வினவும் புலவரைப் புறநானூற்றிற் காண்கின்றோம். கணவனை இழந்தாளொருத்தி, தனக்கும் சேர்த்துத் தாழியை அகலமாக வனையுமாறு குயவனை வேண்டுவதும் அந்நூலிலேயே உள்ளது. சுடுதல், எறிதல், குழியிற் புதைத்தல், தாழ்ந்த இடத்தில் அடைத்தல், தாழியாற் கவித்தல் என்னும் ஐவகை முறைகளும் ஒரே நகரின் புறத்தே வழங்கியமையை மணிமேகலை எடுத்துரைக்கின்றது. ஒரே சமூகத்துள் பலவகை அடக்க முறைகள் ஒருங்கே நிலவக்கூடும் என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டாகும்.

தாழி அடக்கத்தின் தலைசிறந்த களமாக விளங்குவது தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூர். 1876இல் பேர்லின் நகரத்து யாகோர் என்பார் அங்கு அகழ்ந்தார். பின்னர் 1899 முதல் அலெக்சாண்டர் ரீ விரிவாக அகழ்ந்து பொன் நெற்றிப்பட்டங்கள், வெண்கலப் பொருள்கள், இரும்புப் படைக்கலங்கள் ஆகியவற்றை வெளிக்கொணர்ந்தார். 2004இல் இந்தியத் தொல்லியல் துறை மீண்டும் அங்கு ஆய்வை மேற்கொண்டது.

ஆதிச்சநல்லூருக்கு நேரெதிரே, மன்னார் வளைகுடாவுக்கு இப்பால், இலங்கையின் வடமேற்குக் கரையில் அமைந்துள்ளது பொம்பரிப்பு. புத்தளத்துக்கு வடக்கே, வில்பத்துக் காட்டை அடுத்து, கலாஓயா கடலோடு கலக்கும் பகுதிக்கு அண்மையில் உள்ள இத்தாழிக்காட்டை 1920களில் ஏ. எம். ஹோகாட்டும், 1956இல் பி. ஈ. பி. தெரணியகலவும், 1970இல் விமலா பெக்லியும் ஆராய்ந்தனர். ஒரே தாழியுள் ஒருவருக்கு மேற்பட்டோரின் எலும்புகள் காணப்பட்டமை இங்கு குறிப்பிடத்தக்கது. உடல் வேறோரிடத்தில் அழிந்த பின்னர் எஞ்சிய எலும்புகளைத் திரட்டித் தாழியிலிடும் இரண்டாம்நிலை அடக்கமே இதுவாகும். தாழிகளுடன் கறுப்புச் சிவப்பு மட்பாண்டங்களும் மணிகளும் உலோகப் பொருள்களும் கிடைத்துள்ளன. தாழியின் அமைப்பாலும் அடக்க முறையாலும் இக்களம் ஆதிச்சநல்லூரை நினைவூட்டுவதை ஆய்வாளர் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர்.

தாழியைவிட வேறான முறைகளும் இலங்கையில் உள்ளன. தம்புள்ளைக்கு அண்மையிலுள்ள இப்பன்கட்டுவவில் கற்பலகைகளாலான கல்லறைகள் தொகுதி தொகுதியாக அமைந்துள்ளன. கதிரியக்கக் கரிமக் கணிப்பு அவற்றை ஏறத்தாழ கி. மு. 700க்கும் 400க்கும் இடைப்பட்டனவாகக் காட்டுகின்றது. அநுராதபுர நகரின் அடிமட்டப் படைகளில் சிரான் தெரணியகல நிகழ்த்திய ஆய்வுகள், இரும்பும் நெற்செய்கையும் கறுப்புச் சிவப்பு மட்பாண்டமும் அங்கு கி. மு. 900 அளவிலேயே வழங்கின என்பதை உணர்த்தின. மேலும், இத்தகைய ஈமக்காடுகள் பலவற்றின் அயலிலே குடியிருப்பும் குளமும் வயலும் காணப்படுகின்றன. இந்நான்கும் ஒருங்கே அமைதல் நிலையான உழவர் சமுதாயத்தின் அடையாளமாகும். விஜயன் வந்ததாகக் கூறப்படும் காலத்துக்குப் பல தலைமுறைகள் முன்னரே இந்நாட்டில் இரும்பறிந்த, நெல் விளைத்த, முன்னோரைப் போற்றிய மக்கள் வாழ்ந்தனர் என்பது ஐயத்துக்கிடமின்றித் தெளிவாகின்றது.

வடபுலத்திலும் இப்பண்பாடு பரவியிருந்தது. 1980இல் பேராசிரியர் கா. இந்திரபாலா தலைமையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழுவினர் ஆனைக்கோட்டையில் அகழ்வாய்வு நிகழ்த்தினர். தாழியின்றி நீட்டிக் கிடத்தப்பட்ட நிலையில் எலும்புக்கூடு அங்கு வெளிப்பட்டது; அதனோடு சிறு முத்திரையொன்றும் கிடைத்தது. மேல்வரியில் மூன்று குறியீடுகளும் கீழ்வரியில் மூன்று பிராமி எழுத்துகளும் அதிற் பொறிக்கப்பட்டுள்ளன. அவ்வெழுத்துகளின் வாசிப்பில் அறிஞரிடையே வேறுபாடு இருப்பினும், தொடக்க எழுத்து 'கோ' என்பது பலருக்கும் உடன்பாடு. தலைமையைக் குறிக்கும் அச்சொல்லுடையானொருவன் பெருங்கற்கால மரபில் அடக்கம் செய்யப்பட்டமை, அச்சமுதாயம் எழுத்தும் தலைமையும் உடையதாய் வளர்ந்து வந்தமையைப் புலப்படுத்துகின்றது.

இனி, இம்மக்கள் யாவர் என்னும் வினா எழுகின்றது. இவ்விடத்திலேதான் வரலாற்று மாணவர் மிகுந்த அவதானத்துடன் நடத்தல் வேண்டும். தென்னிந்தியத் தொடர்பு கண்கூடு. அதனை மறைத்தல் சான்றுக்கு மாறாகும். ஆயின் தாழியைக் கண்டவுடன், 'இது தமிழருடையது. எனவே இம்மண் எமக்கே உரியது' என முழங்குதலும் சான்றுக்கு அப்பாற்பட்டதே. பானை மொழி பேசுவதில்லை. எலும்பு தன் இனப்பெயரைக் கூறுவதில்லை. ஒரு தொழில்நுட்பமும் ஒரு சடங்கும் குடிபெயர்ந்தோரோடு வரலாம். வணிகத்தோடும் மணவுறவோடும் பரவலாம். முன்னரே இங்கு வாழ்ந்த கற்கால மக்கள் அவற்றைத் தமதாக்கிக் கொள்ளவும் கூடும்.

வேறோர் உண்மையையும் நாம் எதிர்கொள்ள வேண்டியுள்ளது. தமிழ் மக்கள் செறிந்து வாழும் வடக்கிலும், சிங்கள மக்கள் செறிந்து வாழும் தம்புள்ளைப் பகுதியிலும், பழந்தலைநகராகிய அநுராதபுரத்திலும் இப்பண்பாட்டின் எச்சங்கள் ஒருங்கே கிடைக்கின்றன. இந்நாட்டு மக்கள் பிற்காலத்தில் இரு மொழிகளால் வேறுபட்டனர். எனினும் அவ்விரு சாராரின் முன்னோரிற் பெரும்பகுதியினர் இத்தாழிகளிலும் கல்லறைகளிலும் உறங்குவோரே எனக் கொள்வதே சான்றுகளுக்கு இயைந்ததாகும். இந்திரபாலா 2005இல் வெளியிட்ட தம் ஆங்கில நூலில் இக்கருத்தையே விரிவாக நிறுவ முயன்றார். இனத்தின் பெயரால் முப்பதாண்டுப் போரைக் கண்ட இந்நாட்டில் இம்முடிவு வெறும் ஏட்டுச் செய்தியன்று.

ஈமக்காடுகள் உழவினாலும் மண்ணகழ்வினாலும் புதையல் தேடுவோராலும் அழியத்தக்கன. கிளறப்பட்ட தாழி மீண்டும் சான்றாகாது. அதன் கிடையும் அடுக்கும் அயலும் சிதைந்தபின் எஞ்சுவது ஓடுகளே. தம் ஊர்ப்புறத்தில் இத்தகைய களங்களை அறிந்த மாணவர், தாமே தோண்ட முற்படாது, அவற்றைப் பதிவு செய்து உரியோர்க்கு அறிவித்தல் கடன். இறந்தோர்க்குத் தாழி வனைந்தவர் எம்மொழி பேசினர் என்பதை நாம் ஒருகால் அறியாதே போகலாம். எனினும், தம் முன்னோரின் எலும்புகளைப் பொறுக்கியெடுத்துப் போற்றி வைத்த அவர்களை மானிடர்க்குப் புறம்பானோர் எனக் கூறும் உரிமை இனி எவர்க்கும் இல்லை.