ஜல்லிக்கட்டு படங்கள் கார்டில் அழிந்து விட்டதா? பதறாதீங்க... மீட்கலாம்!

அலங்காநல்லூர்:-

வாடிவாசலில் இருந்து நம்ம வீட்டுக் காளை பாய்வது சில வினாடிதான். அதை படம் பிடித்து வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டால், "கார்டை பார்மட் செய்யவும்" என்று வரும். அவசரப்பட்டு அழுத்தி விடாதீர்கள்.

சுப்ரீம் கோர்ட்டு 2014-ம் ஆண்டு மே 7-ந்தேதி தடை விதித்ததால் 2015, 2016-ம் ஆண்டுகளில் இங்கு வாடிவாசல் திறக்கவில்லை. அதற்கு முன் களம் கண்ட காளைகள் பல இன்று இல்லை. படம்தான் மிச்சம். அதுவும் போனால் திரும்ப எடுக்க முடியாது.

என்ன காரணம்?

படம் பதிவாகும்போதே பேட்டரி தீர்ந்து விடுவது, கார்டை உருவி எடுப்பது, போலி கார்டு ஆகியவையே முக்கிய காரணங்கள். வருடக்கணக்கில் பெட்டியில் கிடக்கும் கார்டும் கெட்டுப்போகலாம்.

படம் எங்கே போகிறது?

எங்கும் போவதில்லை. கதவு எண்ணை அழித்தால் வீடு இடிந்து விடுமா? அதுபோலத்தான். படம் இருக்கும் இடத்தைக் காட்டும் குறிப்பு மட்டுமே அழிகிறது. அதே இடத்தில் புதுப்படம் பதிவானால்தான் பழையது போகும்.

செய்ய வேண்டியது

* உடனே கேமராவை நிறுத்தி கார்டை கழற்றுங்கள். ஒரு படம்கூட புதிதாக எடுக்காதீர்கள்.

* கார்டு ரீடரில் போட்டு 'போட்டோரெக்' அல்லது 'ரெக்குவா' சாப்ட்வேரை ஓட்டுங்கள். போட்டோரெக் முற்றிலும் இலவசம். ஒவ்வொரு படத்தின் தொடக்க அடையாளத்தையும் தேடி எடுக்கும். பழைய பெயர் வராது, எண்தான் வரும்.

* மீட்ட படங்களை அதே கார்டில் சேமிக்கவே கூடாது.

செல்போனில் அழித்திருந்தால்?

முதலில் குப்பைத்தொட்டியை பாருங்கள். கூகுள் போட்டோசில் ஏற்றிய படம் அழித்த பிறகும் 60 நாள் அங்கே இருக்கும். ஐபோனில் பொதுவாக 30 நாள். அதிலும் இல்லை என்றால், இன்றைய போன்களின் உள் மெமரியில் இருந்து மீட்பது மிகக் கடினம்.

பாதி படம் சாம்பல் நிறமாக வந்தால் அந்தப் பகுதியின் தகவல் போய்விட்டது என்று அர்த்தம். சில சமயம் அதற்குள் இருக்கும் சிறிய படம் மட்டும் கிடைக்கும். கார்டே உடைந்திருந்தால் நீங்களாக நோண்டாமல், விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, படம் எடுத்த அன்று ராத்திரியே இன்னொரு இடத்தில் காப்பி போட்டு விடுங்கள். அதற்கு பத்து நிமிடம் போதும்!