சாம்புவின் மூக்கும் ஸ்மார்ட்டின் ஷூவும்

விருத்தாசலத்துல பீங்கான் பொம்மை வார்க்கிற பட்டறைக்குப் போனா இதைப் பார்க்கலாம். பிளாஸ்டர் அச்சுக்குள்ள களிமண் கூழை ஊத்துவாங்க. அச்சு தண்ணியை உறிஞ்சிக்கும், ஓரத்துல மண் படிஞ்சு நிக்கும், மிச்சக் கூழைக் கவுத்துடுவாங்க. வெளியே முழு பொம்மை, உள்ளே காலி. பகடிக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கல. உளவாளிக் கதையோட உருவம் அப்படியே இருக்கும். ரகசிய நம்பர், வில்லன் சங்கம், வெடிகுண்டு எல்லாம் உண்டு. ஹீரோவுக்கு இருக்க வேண்டிய மூளை மட்டும் இருக்காது.

1965 செப்டம்பர்ல அமெரிக்காவின் என்பிசி சேனல்ல 'கெட் ஸ்மார்ட்' தொடங்கியது. உருவாக்கினவங்க மெல் புரூக்ஸ், பக் ஹென்றி. பனிப்போர் காலம், ஜேம்ஸ் பாண்ட் படங்கள் உச்சத்துல இருந்த நேரம். ஏஜெண்ட் 86 மேக்ஸ்வெல் ஸ்மார்ட்டா நடிச்சவர் டான் ஆடம்ஸ். ஷூவைக் கழட்டிக் காதுல வெச்சா அதுதான் போன். ரகசியம் பேச மேலேருந்து ஒரு கண்ணாடிக் கூண்டு இறங்கும். உள்ளே இருக்கிற ரெண்டு பேருக்கு ஒருத்தர் பேசுறது இன்னொருத்தருக்குக் கேட்காது! (நம்ம ஆபீஸ் மீட்டிங் மாதிரியே.) காரியத்தை முடிக்கிறது பெரும்பாலும் கூட வர்ற ஏஜெண்ட் 99 தான்.

இதை முதல்ல பார்த்த ஏபிசி சேனல், 'அமெரிக்காவுக்கு எதிரானது'ன்னு ஒதுக்கிடுச்சு. அரசாங்கத்தோட உளவுத்துறையில ஒரு முட்டாள் இருக்கலாம்னு சொல்றதே அன்னிக்கு அவ்வளவு உறுத்தியிருக்கு. ஆனா தொடர் 5 சீசன், 138 எபிசோட் ஓடியது.

இனி நம்ம ஊருக்கு வருவோம். மேக்ஸ்வெல் ஸ்மார்ட்டுக்கு 20 வருஷம் முன்னாடியே, 1940-களின் தொடக்கத்துல, ஆனந்த விகடன்ல தேவன் 'துப்பறியும் சாம்பு'வை எழுதிட்டார். ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர். ரங்கராஜுன்னு துப்பறியும் நாவல்களைத் தமிழர்கள் விழுந்து விழுந்து படிச்சு முடிச்சிருந்த காலம். அந்த அச்சுல தேவன் வார்த்தது ஒரு அசட்டு பேங்க் குமாஸ்தாவை. நீள மூக்கு, வழுக்கைத் தலை. சாம்பு எதையும் யோசிச்சுக் கண்டுபிடிக்க மாட்டார். தடுக்கி விழுவார், விழுந்த இடத்துல திருடன் இருப்பான். இன்ஸ்பெக்டர் கோபாலன் அதை மேதாவித்தனம்னு நம்புவார்.

வித்தியாசம் இங்கதான். ஸ்மார்ட் கிட்ட எல்லா கருவியும் இருக்கு. அவர் லட்சணம் அவருடைய சீஃபுக்கும் நல்லாவே தெரியும். சாம்பு கிட்ட அதிர்ஷ்டம் தவிர எதுவும் இல்லை, ஆனா ஊரே அவரைக் கொண்டாடுது. புரூக்ஸ் அரசாங்கத்தைக் கேலி செய்தார். தேவன் கேலி செய்தது, புகழைக் கண்டதும் கும்பிடுற நம்மை. என்னைக் கேட்டா ரெண்டாவதுதான் கூர்மையானது.

அப்போ நிலைமை என்ன தெரியுமா? உலகப்போர். 1942 ஏப்ரல்ல, ஜப்பான் குண்டு போடும்னு பயந்து சென்னையில பாதி ஊர் மூட்டை கட்டியது. உளவாளி பயம் நிஜமாவே இருந்த அந்த வருஷங்கள்லதான் விகடன் வாசகர்கள் சாம்புவைப் படிச்சு சிரிச்சாங்க.

தேவன் 1957-ல், 43 வயசுல காலமானார். பாண்ட் முதன்முதலா சினிமாவுக்கு வந்தது 1962-ல். மாடர்ன் தியேட்டர்ஸ் ஜெய்சங்கரை வெச்சு 'வல்லவன் ஒருவன்' எடுத்தது 1966-ல். ஆக, நம்ம ஊருக்கு முதல்ல வந்தது சாம்பு; 'தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட்' அப்புறம்தான்.