முத்துக்குளித்துறைக் கடலின் இரு கரைகளில் சிறையும் நன்றியும்: அருளானந்தர், யோசேப் வாஸ் (1686–1693)

முன்னுரை

1658-ஆம் ஆண்டில் தூத்துக்குடி, மன்னார், யாழ்ப்பாணம் ஆகியவை போர்ச்சுக்கீசியரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறின. முத்துக்குளித்துறைப் பரதவர் கத்தோலிக்க மறையில் நிலைத்திருந்தனர். எனினும் இலங்கையில் ஒல்லாந்தர் ஆண்ட பகுதிகளில் கத்தோலிக்கக் குருக்களுக்குத் தடை இருந்தது. ஒல்லாந்தர் ஆட்சிக்கு அப்பாற்பட்ட மறவ நாட்டிலும் கண்டியிலும் அக்குருக்கள் ஐயத்திற்கு உரியவர்களாகவே இருந்தனர். 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடலின் இரு கரைகளிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் இரு குருக்கள் சிறைப்பட்டனர். அவர்களின் அன்றாடச் சிறைவாழ்வில் நன்றியுணர்வு எவ்வாறு வெளிப்பட்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

மறவ நாட்டுச் சிறை

லிஸ்பனில் 1647-இல் பிறந்த இயேசு சபைக் குரு ஜான் டி பிரிட்டோ தமிழகத்தில் அருளானந்தர் எனப்பட்டார். 1686-இல் அவரும் அவருடைய வேதியர்களும் மறவ நாட்டில் கைதாகி வதைக்கப்பட்டனர். பின்னர் கிழவன் சேதுபதி, தம் நாட்டில் மறையுரைக்கக் கூடாது என்னும் கட்டளையுடன் அவரை விடுவித்தார். ஐரோப்பா சென்று திரும்பிய அருளானந்தர் மீண்டும் மறவ நாட்டிலேயே பணியைத் தொடர்ந்தார். தடியத்தேவர் திருமுழுக்குப் பெற்றுத் தம் மனைவியருள் ஒருவரைத் தவிர ஏனையோரை விலக்கினார். விலக்கப்பட்டவருள் ஒருவர் சேதுபதியின் உறவினர். அதன் விளைவாக 1693 ஜனவரியில் அருளானந்தர் மீண்டும் சிறைப்பட்டார். இராமநாதபுரத்திலிருந்து ஓரியூருக்கு அனுப்பப்பட்ட அவர் பிப்ரவரி 4-ஆம் நாள் தலை வெட்டிக் கொல்லப்பட்டார்.

அதற்கு முந்தைய நாள் அவர் தம் சபையினருக்குக் கடிதம் எழுதினார். மையின்மையால் கரியை நீரில் குழைத்து எழுதினார் என்பர். தாம் நீண்டகாலம் வேண்டிய முடிவு நெருங்கியதை உழைப்பிற்குக் கிடைத்த கைம்மாறாகவே அக்கடிதத்தில் அவர் ஏற்கிறார்.

கண்டிச் சிறை

கோவாவின் பெனாலிமில் 1651-இல் பிறந்த யோசேப் வாஸ் ஓரட்டோரியன் சபைக் குரு. கூலியாள் கோலத்தில் யோவான் என்னும் பணியாளுடன் தூத்துக்குடித் துறையை அடைந்து, 1687-இல் அங்கிருந்து கப்பலேறினார். மன்னார் வழியாக யாழ்ப்பாணம் சேர்ந்த அவர், சில்லாலையிலும் பின்னர்ப் புத்தளத்திலும் மறைவாகப் பணியாற்றினார். 1692-இல் கண்டிக்குச் சென்றபோது போர்ச்சுக்கீசிய ஒற்றர் என்னும் குற்றச்சாட்டில் இரண்டாம் விமலதர்மசூரியனின் ஆணையால் சிறை வைக்கப்பட்டார்.

சிறைவாழ்வை அவர் மூவகையில் பயன்படுத்தினார். சிங்கள மொழியைக் கற்றார், இறைவேண்டலில் நிலைத்தார், உடனிருந்த கைதிகளுக்கு மறை போதித்தார். தப்பிச்செல்ல முயலாதவரை காவலர் தடுக்காமையால், குடில் ஒன்றைக் கோயிலாக அமைத்துத் திருப்பலி நிறைவேற்றினார். நற்கருணையைக் குறிக்கும் கிரேக்க மூலச்சொல்லுக்கு ‘நன்றி செலுத்துதல்’ என்பதே பொருள். அவ்வகையில் அக்குடில், சிறைக்குள் நன்றி அன்றாட வழிபாடாக நிகழ்ந்த இடம். 1697-இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது, தம்மைச் சிறைவைத்த நகரத்து நோயாளிகளுக்கு அவர் பணிவிடை செய்தார்.

சான்றுகளின் தன்மை

இவ்விரு செய்திகளையும் ஒரே தன்மையவாகக் கொள்ளலாகாது. முன்னது கைதியின் சொந்தக் கூற்று. பின்னதற்கு, வாஸ் 1711-இல் மறைந்து 34 ஆண்டுகளுக்குப் பின் 1745-இல் வெளிவந்த செபஸ்தியாவோ தோ ரேகோவின் போர்ச்சுக்கீசிய வரலாறு முதன்மைச் சான்றாகும். புனிதரைப் போற்றும் நோக்கம் அதில் இயல்பாகவே உண்டு. அருளானந்தரின் கடிதமும் ஒரு மரபிற்குள் நின்றே எழுதப்பட்டது. சிறையிலிருந்து எழுதப்பட்ட பவுலின் பிலிப்பியர் திருமுகம் நன்றியுரையோடு தொடங்குவதை அவர் அறிவார்.

எனவே நன்றிச் சொற்களை மட்டும் கொண்டு கைதியின் மனநிலையை உறுதிசெய்வது கடினம். கைக்கெட்டிய கரி, காவலர் அளித்த சிறு விலக்கு, நீண்ட ஓய்வு ஆகியவற்றை அவர்கள் எதற்குப் பயன்படுத்தினர் என்பதே வலுவான சான்று. ஒருவர் தம்மவரைத் தேற்றினார். மற்றவர் அந்நாட்டார் மொழியைக் கற்றார். இருவரிடத்தும் நன்றி, துன்பத்தை மறுக்கும் சொல்லாக அன்றிப் பிறரை நோக்கிய செயலாக அமைந்தது.

முடிவுரை

அருளானந்தர் 1947-இலும் யோசேப் வாஸ் 2015-இலும் புனிதர்களாக அறிவிக்கப்பட்டனர். 1686-இல் அருளானந்தரோடு வதைபட்ட தமிழ் வேதியர்களும் வாஸுடன் கடல் கடந்த யோவானும், குருக்களைப் பற்றிய எழுத்துகளின் வழியாகவே வரலாற்றில் இடம்பெறுகின்றனர். அவர்களின் நம்பிக்கையையும் நன்றியையும் அவர்கள் பெயரிலான கூற்றுகளில் தேட இயலாது. உடனிருந்தமை என்னும் செயலில்தான் தேட வேண்டும். முத்துக்குளித்துறைக் கடலோரக் கிறித்தவ வரலாற்றில் சிறைவாழ்வை ஆராய்வோர், குருக்களின் கடிதங்களை இவ்வுடனிருந்தோரையும் கருத்தில் கொண்டு மறுவாசிப்புச் செய்தல் இன்றியமையாதது.